'டிரைக்கோடெர்மா கலந்தது' என்று மூட்டையில் அச்சிடுவோருக்கு

மட்கு உரம் தயாரித்து விற்கும் நண்பர்களுக்கு,

வணக்கம். நாற்று வளர்ப்பவர்களில் ஒருவனாக இதை எழுதுகிறேன். எங்கள் நாற்றுத் தட்டுகளில் பாதிக்கு மேல் உங்கள் சரக்குதான் நிரம்புகிறது. இப்போதெல்லாம் உரமூட்டையைத் திருப்பினால், 'டிரைக்கோடெர்மா, சூடோமோனாஸ் கலந்தது. வேரழுகல், நாற்றழுகல் வராது' என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. டிரைக்கோடெர்மா நோய்ப் பூஞ்சாணங்களை அடக்கும் ஒரு பூஞ்சாணம், சூடோமோனாஸ் அதே வேலைக்கான பாக்டீரியா. கலந்தீர்கள் என்பதை நம்புகிறேன். எப்போது கலந்தீர்கள்?

மட்கும்போது கழிவுக் குவியல் சூடேறுவது உங்களுக்குப் புதிதல்ல. நடுப்பகுதி 55 டிகிரி செல்சியஸைத் தாண்டி, சில நாட்கள் அங்கேயே நின்றால்தான் நோய்க் கிருமிகளில் பெரும்பாலானவையும் களை விதைகளும் சாகும். அந்தச் சூடு டிரைக்கோடெர்மாவையும் விட்டுவைக்காது. பேசில்லஸ் மாதிரி சில பாக்டீரியாக்கள் கெட்டியான வித்துகளாக ஒடுங்கிப் பிழைத்துக்கொள்ளும். மற்ற நல்ல நுண்ணுயிர்கள், குவியல் ஆறி 40 டிகிரிக்குக் கீழே இறங்கிய பிறகுதான் வெளி அடுக்கிலிருந்தும் சுற்றுப்புறத்திலிருந்தும் திரும்ப வந்து குடியேறும். ஆகவே கழிவைக் குவிக்கும்போதே டிரைக்கோடெர்மா பொட்டலத்தைப் பிரித்துக் கொட்டுவது, நோயை அடக்கும் வேலையைப் பொறுத்தவரை வீண். ஆறும் கட்டத்தில் கலந்தால், போட்டிக்கு ஆள் குறைவாக இருக்கும் நேரத்தில் அது இடம் பிடிக்கும். பையில் அடைக்கும் நாளில் மேலே தூவினால் போதும் என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். ஏற்கெனவே கூட்டம் நிறைந்த இடத்தில் புதிதாக வருவது வேரூன்றுவது கடினம்.

மட்கு நோயை அடக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. 1970களில் அமெரிக்காவின் ஒகாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஹாரி ஹாய்டிங்க்கும் அவரது குழுவினரும், மட்கிய மரப்பட்டை நிரப்பிய தொட்டிகளில் பைட்டோப்தோரா என்ற கிருமி தரும் வேரழுகல் குறைவதை ஆராயத் தொடங்கினார்கள். இத்தகைய மட்கைச் சூடேற்றி உயிரற்றதாக்கினால் அடக்கும் திறன் பெரும்பாலும் போய்விடும். உயிருள்ள மட்கைச் சிறிது கலந்தால் திரும்பி வரும். வேலையைச் செய்வது நுண்ணுயிர்கள்தான் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

ஆனால் எல்லா நோயையும் ஒரே மாதிரி அடக்காது என்பதை மூட்டை சொல்வதில்லை. நாற்றழுகல் தரும் கிருமிகளில் ஒன்றான பித்தியத்தை எடுத்துக்கொள்வோம். விதை முளைக்கும்போது கசியும் சர்க்கரையும் கொழுப்பு அமிலங்களும் பட்டால்தான் அதன் வித்துகள் விழித்தெழும். உயிர்த்துடிப்பான மட்கில் ஆயிரம் வாய்கள் அந்தக் கசிவை முந்திக்கொண்டு தின்றுவிடும். வித்துக்குத் தகவலே போய்ச் சேராது. இன்ன நுண்ணுயிர் என்று இல்லை, மொத்தக் கூட்டமே காவல். பைட்டோப்தோராவும் பெரும்பாலும் இப்படித்தான் அடங்குகிறது. நாற்றழுகல் தரும் இன்னொரு பூஞ்சாணமான ரைசக்டோனியா வேறு ரகம். அதன் கெட்டியான முடிச்சுகளுக்குள் சேமிப்பு உண்டு. வெளியே பட்டினி போட்டாலும் அசராது. டிரைக்கோடெர்மா போன்ற ஒரு சில பூஞ்சாணங்கள் அதன் இழையைச் சுற்றிப் பிடித்து, கைட்டினேஸ் முதலான நொதிகளால் சுவரைக் கரைத்து உள்ளே நுழைந்தால்தான் உண்டு. அந்தச் சிலவும் எல்லாக் குவியலுக்கும் தானாக வந்து சேர்வதில்லை. நீங்கள் கலக்கும் டிரைக்கோடெர்மாவுக்கு உண்மையான தேவை இருப்பது இங்கேதான்.

இங்கேதான் முதிர்ச்சியும் குறுக்கே வருகிறது. அவசரத்தில் இறக்கிய, முழுதாக மட்காத பச்சை மட்கில் செல்லுலோஸ் (தாவர நார்ப்பொருள்) நிறைய இருக்கும். அது உடைந்து சர்க்கரை கிடைத்துக்கொண்டிருக்கும்வரை டிரைக்கோடெர்மாவில் அந்த நொதிகளின் சுரப்பு அடங்கியே இருக்கும். தின்ன எளிதாக வேறு இருக்கும்போது அது வேட்டைக்கு இறங்குவதில்லை. அதே செல்லுலோஸில் ரைசக்டோனியாவும் கொழுக்கும். அதாவது, டிரைக்கோடெர்மா கலந்த மட்கிலேயே நோய் கூடலாம்! நாற்றின் தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் நீர் கோத்த மாதிரி மங்கி, நூலாக மெலிந்து, மேலே இலை பச்சையாக இருக்கும்போதே சாய்ந்து கிடக்கும் காட்சியைப் பார்த்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய சங்கதி என்று தெரியும். மறுபுறம், அளவுக்கு மீறிப் பழையதாகி, நுண்ணுயிர்களுக்கு உணவே மிஞ்சாத மட்கும் அடக்கும் திறனை இழந்துவிடுகிறது. இரண்டுக்கும் நடுவே உள்ள காலத்தில் சரக்கு எங்கள் கைக்கு வர வேண்டும். மூட்டையைப் பிரித்ததும் அம்மோனியா நெடி மூக்கைத் துளைத்தால், கையை விட்டால் உள்ளே சூடு தெரிந்தால், அந்தக் காலம் இன்னும் வரவில்லை.

ஈரம் பற்றி ஒரு வார்த்தை. எடை குறைந்தால் ஏற்றுகூலி குறையும் என்று நன்றாகக் காயவைத்து அடைக்கிறீர்கள். ஈரம் 35 விழுக்காட்டுக்குக் கீழே போனால் பாக்டீரியாக்கள் பரவ முடியாது. பூஞ்சாணங்கள் மட்டும் படர்ந்து, பித்தியம் அடங்காத சரக்காகிவிடும். ஆறும் கட்டத்தில் 40 முதல் 50 விழுக்காடு ஈரம் இருந்தால் இரண்டு தரப்பும் குடியேறும்.

2006இல் வெளியான ஓர் ஐரோப்பிய ஆய்வை நீங்கள் எல்லோரும் பார்க்க வேண்டும். 18 வகை மட்குகளை 7 நோய்களோடு மோதவிட்டு, 120 சோதனைகள் நடத்தினார்கள். அவற்றில் 54 விழுக்காட்டில் நோய் தெளிவாகக் குறைந்தது. 3 விழுக்காட்டில் கூடியது. மிச்சத்தில் தெளிவான மாற்றமில்லை. எந்த மட்கும் எல்லா நோய்க்கும் பதில் சொல்லவில்லை. இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு 'வராது' என்று அச்சிட முடியுமா? 'சில வேரழுகல்களைக் குறைக்க உதவும்' என்று எழுதினால் விற்பனை படுத்துவிடாது. தழைச்சத்து மிகுந்து அம்மோனியம் வெளிவிடும் மட்கு, பியூசேரியம் என்ற பூஞ்சாணம் தரும் வாடல் நோயைத் தூண்டலாம், உப்பு மிகுந்தது பைட்டோப்தோராவுக்கு வழி திறக்கலாம் என்பதையும் சிறிய எழுத்திலாவது சொல்லுங்கள்.

சரி, என்னதான் கேட்கிறேன்? பை அடைத்த தேதி போதாது. சூடு தணிந்த பிறகு எத்தனை வாரம் ஆறவிட்டீர்கள், நுண்ணுயிரை எந்தக் கட்டத்தில் சேர்த்தீர்கள், அடைக்கும்போது ஈரம் எவ்வளவு, இவை மூன்றும் மூட்டையில் வேண்டும். உயிர்ச்சரக்கை மூச்சுவிட முடியாத பையில் காற்றுப் புகாமல் ஒட்டி, வெயிலில் அடுக்காதீர்கள்.

அதோடு, ஒவ்வொரு தொகுதிக்கும் ஒரு சோதனை. ஆய்வுக்கூடம் தேவையில்லை. மட்கில் ஒரு பங்கை ஆவியில் நன்றாக வேகவைத்து ஆறவிடுங்கள். மறு பங்கை அப்படியே வையுங்கள். இரண்டிலும் நாற்றழுகல் கண்ட மண்ணைச் சம அளவு கலந்து, தனித்தனித் தட்டில் வெள்ளரி விதை போட்டு ஈரமாக வையுங்கள். நோய் மண் கலக்காத மட்கில் மூன்றாவதாக ஒரு தட்டு இருக்கட்டும். முளைப்பைக் கெடுப்பது நோயா, உங்கள் சரக்கேதானா என்பதை அது காட்டிக்கொடுக்கும். பத்து நாளில் நிமிர்ந்து நிற்கும் நாற்றுகளை எண்ணுங்கள். வேகவைத்த தட்டிலும் வேகவைக்காத தட்டிலும் ஒரே அளவு சாய்ந்திருந்தால், அந்தத் தொகுதியை வெறும் மட்கு உரமாகவே விற்றுவிடுங்கள், வாங்கிக்கொள்கிறோம். வேகவைக்காதது தெளிவாக நிமிர்ந்து நின்றால், அந்த எண்ணிக்கையை அப்படியே மூட்டையில் அச்சிடுங்கள். அதற்குக் கூடுதல் விலை கேட்டாலும் நான் தருவேன்.

இப்படிக்கு,
நாற்று வளர்ப்பவன் ஒருவன்