அண்ணாச்சிக்கு அந்த ஊசி வேண்டாம்

சயான் கோலிவாடா,
மும்பை.

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. பேரன் நடக்கத் தொடங்கிவிட்டான் என்ற இடத்தை வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். இங்கே அனைவரும் சுகம். மழை விட்டுவிட்டது, மாட்டுங்கா மார்க்கெட்டில் நல்ல முருங்கைக்காய் மறுபடி வருகிறது. மற்றதெல்லாம் அப்புறம். அண்ணாச்சி விஷயத்தை நினைத்து இரண்டு நாளாக எனக்குச் சரியான தூக்கமில்லை.

ஆறு எக்ஸோசோம் ஊசி போட்டால் சுகர் அடியோடு போய்விடும், மாத்திரையை நிறுத்திவிடலாம் என்று ஒரு கிளினிக்கில் சொன்னார்களாம். அதற்காக மேலத்தெரு மனையை விற்கப் பார்க்கிறார் என்று எழுதியிருந்தாய். எக்ஸோசோம் என்று ஒன்று உண்மையிலேயே உண்டா என்றும் கேட்டிருந்தாய். உண்டு. அதனால்தான் எனக்குக் கோபம் கூடுதல்.

முப்பத்திரண்டு வருஷம் லேபில் வேலை பார்த்தவன் நான். ரத்தம் எடுத்த டியூபை சென்ட்ரிஃப்யூஜ் என்ற சுழல் இயந்திரத்தில் சுற்றினால் சிவப்பு கீழே இறங்கும், மேலே வைக்கோல் நிறத்தில் சீரம் தெளியும். அந்தத் தெளிவுக்குள் கோடிக்கணக்கான நுண்பைகள் மிதக்கின்றன என்பது ரொம்ப காலம் எனக்குத் தெரியாது. உடம்பின் செல்கள் வெளியே அனுப்பும் அந்தப் பைகள்தான் எக்ஸோசோம். 30 முதல் 150 நானோமீட்டர்தான் இருக்கும், எங்கள் மைக்ரோஸ்கோப்பில் தெரியாது. 1983-ல் செம்மறியாட்டின் இளம் சிவப்பணுக்களை ஆராய்ந்தவர்கள் கண்ணில் பட்டன. செல் கழித்துவிடும் குப்பை என்றே வெகுநாள் நினைத்திருந்தார்கள். 2007-ல் ஸ்வீடன் குழு ஒன்று, இவற்றுக்குள் செல்லுக்குச் செய்தி கொண்டுபோகும் ஆர்என்ஏ இருக்கிறது, அது இன்னொரு செல்லுக்குள் போய் வேலையும் செய்கிறது என்று காட்டியது.

நம்மூர்க் கல்யாணத்தில் தாம்பூலப் பை கொடுப்பார்களே, அதை நினைத்துக்கொள். பையின் மேல் அச்சடித்த பேரைப் பார்த்தால் எந்த வீட்டுக் கல்யாணம் என்று தெரியும், உள்ளே பார்த்தால் அந்த வீட்டு நிலவரம் தெரியும். எக்ஸோசோமும் அப்படித்தான். மேலே உள்ள புரதங்கள் அது எந்த செல்லிலிருந்து வந்தது என்று காட்டிக்கொடுக்கும், உள்ளே இருப்பது அந்த செல் நலமா, நோவா என்று சொல்லும்.

நோயைக் கண்டுபிடிப்பதில் எனக்கு நம்பிக்கை வருவது இதனால்தான். இப்போது சுகர்காரரின் சிறுநீரகத்தைப் பார்க்க யூரினில் ஆல்புமின் என்ற புரதத்தைச் சோதிக்கிறோம். அது கசியத் தொடங்கும்போது சிறுநீரகத்தின் வடிகட்டி ஏற்கனவே பழுதாகியிருக்கும். அந்த வடிகட்டியின் செல்களும் யூரினில் எக்ஸோசோம்களை விடுகின்றன. 2013-ல் லக்னோ சஞ்சய் காந்தி மருத்துவ நிலையத்தில், முதல் வகை நீரிழிவுள்ளவர்களின் யூரின் எக்ஸோசோம்களில், வடிகட்டி செல்களின் பழுதுக்கு அடையாளமாகக் கருதிய டபிள்யூடி1 என்ற புரதத்தைத் தேடினார்கள். ஆல்புமின் கசிய ஆரம்பிக்காத பலரிடமும் அது இருந்தது. ஒரு சொம்பு யூரினில், ஊசிகூடக் குத்தாமல்! எத்தனை பேரை டயாலிசிஸ் வாசலுக்குப் போகாமல் தடுக்கலாம், யோசித்துப் பார். ஆனால் சுத்தமாகப் பிரித்தெடுக்க, புவியீர்ப்பைப் போல லட்சம் மடங்கு விசையில் சுற்றும் இயந்திரம் வேண்டும். ஒரு லேபின் முடிவு இன்னொரு லேபோடு ஒத்துவருவதும் கஷ்டம். அதனால்தான் தெருமுனை லேபுக்கு இன்னும் வரவில்லை.

வைத்தியத்துக்கு வருவோம். 2017-ல் சான் டியகோவில் எலிகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். பருத்த எலியின் கொழுப்பில் உள்ள எதிர்ப்பணுக்கள் விட்ட எக்ஸோசோம்களை ஒல்லி எலிக்குச் செலுத்தினால், அதன் உடம்பு இன்சுலினுக்கு மசியவில்லை. ஒல்லி எலியுடையதைப் பருத்ததற்குக் கொடுத்தால் நிலைமை தேறியது. எனக்கு இதில் ஆச்சரியத்தோடு ஒரு பயமும் உண்டு. தவறான பையைக் கொடுத்தால் நல்ல உடம்பும் கெடும் என்றுதானே அர்த்தம்? தொப்புள்கொடி ஸ்டெம் செல்லின் எக்ஸோசோம்கள் எலிகளின் சர்க்கரையைக் குறைத்திருக்கின்றன, புண்ணை ஆற்றியிருக்கின்றன. எல்லாம் எலிகளில். அண்ணாச்சிக்கு வயது எழுபத்தொன்று.

2019 டிசம்பரில் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ எச்சரிக்கையே விட்டது. நெப்ராஸ்காவில் எக்ஸோசோம் என்று சொல்லி விற்றதைப் போட்டுக்கொண்டவர்களுக்குக் கடுமையான பாதிப்பு வந்தது. அங்கே எந்த எக்ஸோசோம் மருந்துக்கும் அனுமதி கிடையாது என்றும் தெளிவாகச் சொன்னார்கள்.

மனை போனால் போகட்டும், சம்பாதிக்கலாம். மாத்திரையை நிறுத்துவதுதான் ஆபத்து. ஏற்கனவே நிறுத்தியிருந்தால் அவர் வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடம் நாளைக்கே கூட்டிப்போ. மூன்று மாத சுகர் சராசரி, யூரின் ஆல்புமின், சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின் மூன்றையும் எடுக்கச் சொல். ராத்திரி படுக்கும்முன் அவர் பாதத்தை நீயே விளக்கு வெளிச்சத்தில் பார், விரலிடுக்கையும் சேர்த்து. ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பு.

பங்குனி உத்திரத்துக்கு சாஸ்தா கோயிலுக்கு வருகிறேன், டிக்கெட் போட்டாயிற்று. அதுவரை பொறுக்காது. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு உன் போனை அண்ணாச்சி கையில் கொடு, நானே பேசுகிறேன். சின்ன வயசில் என்னைத் தாமிரபரணியில் நீந்தப் பழக்கியவர், நான் சொன்னால் கேட்பார்.

உன்,
முருகேசன்