மூடியைத் திறக்காமல் முன்பணம் கொடுக்காதே

சுங்கை சிப்புட்,
ஞாயிறு காலை

அன்பு செல்வம்,

உன் கடிதமும் படங்களும் கிடைத்தன. பகாவில் எல்லாரும் சுகம் என்று படித்ததில் மனம் குளிர்ந்தது. மகள் ஆசிரியர் வேலையில் சேர்ந்துவிட்டாள் என்ற செய்தியை வீட்டில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டினேன். அவளுக்கு எங்கள் வாழ்த்தைச் சொல். இங்கே ஒரு வாரமாக மத்தியானம் மூன்று மணியானால் இடியும் மழையும்தான். செம்பனைக் காட்டுப் பாதையில் லோரி இறங்க முடியவில்லை.

சரி, பழைய ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) வாங்கும் விஷயத்துக்கு வருகிறேன். ஜப்பான் கிளாஸ் ஏ ஆம்பா, கனடாவின் பிரைஸ்டன் 4பி-யா என்று கேட்டிருக்கிறாய். இரண்டுமே நல்ல சாமான்தான், விலையும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் பெயரை வைத்து முடிவு செய்யாதே. பல வருஷம் ஓடிய பழைய ஆம்ப் என்றைக்காவது ஒருநாள் பழுதாகத்தான் செய்யும். அன்றைக்கு உள்ளே போட வேண்டிய பாகம் கிடைக்குமா, அதைப் போடத் தெரிந்த ஆள் கிடைப்பாரா என்பதை இப்போதே பார்த்துக்கொள்.

முதலில் பின்பக்கத் தகடு. ஜப்பான் ஆம்பின் படத்தில் 100 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ் என்று தெளிவாகத் தெரிகிறது. ஹெர்ட்ஸ் பற்றிக் கவலை இல்லை. அமெரிக்காவுக்கென்றே செய்த, 60 மட்டும் போட்டிருக்கும் ஆம்ப்தான் நம் 50 ஹெர்ட்ஸில் டிரான்ஸ்ஃபார்மர் சூடேறி உறுமும். பிரச்சினை அந்த 100 வோல்ட். நம் நாட்டு மின்சாரம் 230 வோல்ட், அதிலும் 10 விழுக்காடு கூடலாம், 6 விழுக்காடு குறையலாம் என்பது அனுமதித்த அளவு. அதாவது 216-லிருந்து 253 வரை. ஸ்டெப் டவுன் பெட்டி கேட்டுக் கடைக்குப் போனால் பெரும்பாலும் 240-ஐ 110 ஆக்கும் பெட்டியைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். பத்து வோல்ட்தானே என்று தோன்றும். ஆம்புக்குள் ரெயில் வோல்டேஜ், அதாவது டிரான்சிஸ்டர்களுக்குப் போகும் டி.சி. வோல்டேஜ், 58, அதற்குப் போட்ட கெப்பாசிட்டர் தாங்குவது 63 வோல்ட் என்று வைத்துக்கொள். 110 கொடுத்தால் 58 என்பது 63.8 ஆகிவிடும். இரவில் லைன் 250-க்கு ஏறினால் 66-ஐயும் தாண்டும். கெப்பாசிட்டர் உப்புவதும் ஒரு வருஷத்தில் ஆம்ப் போவதும் இப்படித்தான். பழியோ ஆம்பின் வயசு மேல் விழும். ஆகவே 240-க்கு 100 என்று கேட்டு வாங்கு. தகட்டில் 500 வாட் என்றிருந்தால் 1,500 விஏ பெட்டிக்குக் குறையாதே. வாங்கிய பிறகு ஆம்பை ஓடவிட்டு, வெளிவரும் வோல்டேஜை மல்ட்டிமீட்டரில் பார்.

இன்னொரு வழியும் உண்டு. சில ஜப்பான் ஆம்புகளின் டிரான்ஸ்ஃபார்மரில் 100, 120, 220, 240 என்று பல முனைகளை வெளியே விட்டிருப்பார்கள். உள்ளே கம்பியை மாற்றிக் கட்டினால் போதும். அதன் மேல் ஒட்டிய தாளைப் படம் எடுத்து அனுப்பு. 100 மட்டும்தான் என்றால் ஸ்டெப் டவுன் பெட்டிதான் கதி. டிரான்ஸ்ஃபார்மரைத் திரும்பச் சுற்றித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதே. கம்பெனியில் சுற்றியது போல, திரும்பச் சுற்றியதும் உறுமாமல் இருப்பது அபூர்வம்.

கிளாஸ் ஏ பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பாட்டு இல்லாதபோதும் டிரான்சிஸ்டர்களில் கரண்ட் குறையாமல் ஓடும் வகை அது. 8 ஓமில் ஒரு சேனலுக்கு 50 வாட் முழுக் கிளாஸ் ஏ என்றால், பாட்டே போடாமல் சும்மா இருக்கும்போதும் இரண்டு சேனலும் சேர்ந்து 250 வாட் போல இழுக்கும். தினம் நான்கு மணி நேரம் கேட்டால் மாதம் 30 யூனிட். பணத்தை விடச் சூடுதான் பெரிய சங்கதி. நம் வீட்டு ஹாலே 32 டிகிரி. சூட்டை வெளியேற்றும் உலோகப் பற்களான ஹீட்சிங்க் அதற்கு மேல் இன்னும் 25 டிகிரி ஏறும். எலெக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டரின் ஆயுள் 10 டிகிரி கூடினால் பாதியாகிறது என்பது பொதுவான கணக்கு. அதே ஆம்ப் குளிர்நாட்டில் இருந்ததை விட இங்கே சீக்கிரம் கிழடு தட்டும். மேலே ஒரு சாண் இடமாவது விட முடியாது என்றால் கிளாஸ் ஏ பக்கமே போகாதே.

இப்போது டிரான்சிஸ்டர். 1970-களின் நடுவில் யமஹாவும் சோனியும் வி-ஃபெட் என்ற தனி வகை டிரான்சிஸ்டர் போட்டு ஆம்ப் செய்தார்கள். ஓசை அருமை. ஆனால் அந்த வி-ஃபெட் செத்தால் புதுசு கிடையாது, இன்னொரு பழைய ஆம்பை உடைத்துத்தான் எடுக்க வேண்டும். சாங்கென் கம்பெனியின் 2எஸ்.சி.2922, அதன் ஜோடி 2எஸ்.ஏ.1216 என்ற டிரான்சிஸ்டர்களின் பெயரில் சந்தையில் போலி ஏராளம். தோஷிபா 2எஸ்.சி.5200-க்கும் அதே கதி. அசல் 230 வோல்ட், 15 ஆம்பியர், 150 வாட் தாங்கும். போலிக்குள் இருக்கும் சில்லு சின்னது, மெதுவாகப் பாடும்வரை ஒன்றும் தெரியாது, தவில் அடி பலமாக விழுந்த நொடியில் ஷார்ட் ஆகும். உன் ஸ்பீக்கரையும் சேர்த்துக் கொண்டுபோகும். பட்டனைப் போட்டாலே ஓடுகிறதே என்று விற்பவர் சொல்வது இதற்கெல்லாம் சாட்சி ஆகாது. ஜப்பான் ஆம்பின் உள்படத்தில் டிரான்சிஸ்டர் எண் தெரியும்படி கேட்டு வாங்கி எனக்கு அனுப்பு. ஒரே ஹீட்சிங்கில் ஒன்றிரண்டு மட்டும் எழுத்து பளிச்சென்று, மற்றவை மங்கி இருந்தால், ஏற்கெனவே ஒருமுறை வெடித்து மாற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம். பிரைஸ்டனுக்கு 20 வருஷ உத்தரவாதம் கொடுக்கிற வழக்கம் உண்டு. வயசைப் பார்த்து உன் ஆம்புக்கு அது மிச்சமிருக்கிறதா என்று கேள்.

இதற்கெல்லாம் ஓடுகிற பணம் பயமாக இருந்தால் குவாட் 405-ஐயும் யோசி. 1975-இல் வந்தது, ஒரு சேனலுக்கு 100 வாட், பயாஸை, அதாவது பாட்டு இல்லாதபோது டிரான்சிஸ்டரில் ஓடும் கரண்டின் அளவை, திருகிச் சரிசெய்யவே தேவையில்லாத அமைப்பு. உன் ஸ்பீக்கருக்குப் போதும். அது ஒரு வாட்டுக்கு 86 டெசிபெல் சத்தம் தரும் என்றாய். ஒரு வாட்டில் ஓடும்போதே ஹாலில் பேச்சுச் சத்தத்துக்கு மேல் கேட்கும். சராசரி ஒரு வாட்டில் போகும் பதிவில் ஓர் உறுமி அடியின் உச்சம் 20 டெசிபெல் மேலே போனால் அந்தக் கணத்துக்கு 100 வாட் வேண்டும். அதற்கு மேல் உனக்குத் தேவையில்லை.

ஆம்பைப் பார்க்கப் பெட்டாலிங் ஜெயாவுக்கு நேரில் போகும்போது முக்கியமாக ஒன்று: 'நான் வரும்வரை ஆன் செய்யாதீர்கள்' என்று விற்பவரிடம் சொல்லிவிடு. போனதும் ஹீட்சிங்கைத் தொட்டுப் பார். வெதுவெதுப்பாக இருந்தால் முன்கூட்டியே ஓட்டி வைத்திருக்கிறார், ஆறின நிலையில் ஏதோ மறைக்க இருக்கிறது. மல்ட்டிமீட்டர், டார்ச், ஸ்க்ரூடிரைவர், போனால் போகட்டும் என்கிற ஒரு ஜோடி பழைய ஸ்பீக்கர், அப்புறம் நடு ஊசியையும் வெளி வளையத்தையும் ஈயம் வைத்துச் சேர்த்த இரண்டு ஆர்.சி.ஏ. பிளக். இவ்வளவும் பையில் இருக்கட்டும்.

மூடியைக் கழற்றியதும் முதலில் மோந்து பார். கெப்பாசிட்டர் கசிந்திருந்தால் கருவாட்டு வாடை போல மூக்கில் ஏறும். பிறகு டார்ச்சைச் சாய்த்து அடித்துப் பார். 70, 80-களின் ஜப்பான் ஆம்புகளில் பெரிய கெப்பாசிட்டர் ஆடாமலிருக்க அடியில் பசை பூசியிருப்பார்கள். புதிதில் வெளிர் மஞ்சள். சூடு பட்டுப் பட்டுக் காப்பி நிறமாகி, கல்லாகி, பக்கத்து ரெசிஸ்டர் கால்களில் பச்சை பிடிக்க வைத்து அரித்துவிடும். கரண்டையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கடத்தும். பலர் இதைக் கெப்பாசிட்டர் கசிவு என்று தப்பாக நினைத்துக் கெப்பாசிட்டரை மட்டும் மாற்றிவிட்டுப் பசையை விட்டுவிடுவார்கள். காப்பி நிறப் பசை கண்ணில் பட்டால் சுரண்டியெடுக்கக் கூலி ஆகும், விலையில் கழி. ஃபியூஸ் எண்ணைத் தகட்டோடு ஒப்பிடு. 5 ஆம்பியர் இருக்க வேண்டிய இடத்தில் 10 இருந்தால், உள்ளே 5-ஐ எரித்த காரணம் இன்னும் அங்கேயே இருக்கிறது. உள்ளே கைவைக்காதே. அணைத்த பிறகும் 40,000 மைக்ரோஃபாரட் 60 வோல்ட்டில் 72 ஜூல் பிடித்து வைத்திருக்கும். வீட்டில் இறக்க வேண்டுமென்றால் 100 ஓம், 10 வாட் ரெசிஸ்டரைக் குறுக்கே பிடி. இருபது விநாடியில் இறங்கிவிடும். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்கிற பழக்கம் வேண்டவே வேண்டாம்.

பிறகு மூடியைப் போட்டு, ஈயம் வைத்த பிளக்குகளை இன்புட்டில் செருகி, ஸ்பீக்கர் இல்லாமல் ஆன் செய். சில விநாடியில் ரிலே, அதாவது ஸ்பீக்கரை இணைக்கும் உள் சுவிட்ச், 'டிக்' என்று ஒரே தடவை விழ வேண்டும். மீட்டரை டி.சி. மில்லிவோல்ட்டில் வைத்து, ஸ்பீக்கர் முனைகளில் சிவப்புக்கும் கறுப்புக்கும் இடையில் அள. கறுப்பிலிருந்து சேசிஸுக்கு (உலோகக் கூட்டுக்கு) அளக்காதே, சில ஆம்பில் கறுப்பும் உயிருள்ள முனை. உடனே ஓர் அளவு, அரை மணி நேரம் கழித்து ஓர் அளவு, இரண்டு சேனலிலும். 20 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் நன்று. 50-ஐத் தாண்டினால் காரணம் கேள். 100 என்றால் உன் ஸ்பீக்கரைக் கட்டவே கூடாது. எண்ணை விட அது அலைகிறதா என்பது முக்கியம். நிலையாக 30 நிற்கும் ஆம்பை நம்பலாம், 5-க்கும் 40-க்கும் நடுவில் ஆடும் ஆம்பை நம்ப முடியாது. அந்த அரை மணி நேரத்தில் இரண்டு பக்க ஹீட்சிங்கையும் தொட்டுப் பார்த்துக்கொண்டே இரு. ஒரு பக்கம் கொதித்து மறுபக்கம் ஆறியிருந்தால் பயாஸ் தடம் மாறியிருக்கிறது.

இதெல்லாம் தேறினால் பழைய ஸ்பீக்கரைக் கட்டு. பாட்டு இல்லாமல், ஸ்பீக்கரில் கீச்சு ஓசை வரும் சின்ன கூம்பான ட்விட்டரோடு காதை வைத்துக் கேள். டிரான்ஸ்ஃபார்மர் பெட்டியிலிருந்தே வரும் உறுமலும் ஸ்பீக்கரில் வரும் உறுமலும் வேறு வேறு. ஸ்பீக்கரில் 100 ஹெர்ட்ஸ் ரீங்காரம், அதாவது கொஞ்சம் உயரமான 'ஸ்ஸ்' கலந்த உறுமல் என்றால் பெரிய கெப்பாசிட்டர்கள் காய்ந்துவிட்டன. ஆழமான 50 ஹெர்ட்ஸ் என்றால் பெரும்பாலும் எர்த் சுற்று, அது ஆம்பின் குற்றம் ஆகாது. அடுத்து, மிகவும் மெல்லிய சத்தத்தில் தம்புராவும் ஒரு குரலும் மட்டும் உள்ள பதிவைப் போடு. மெல்லியதில் கரகரத்து, சத்தம் கூட்டினால் தெளிவாகிறதா? பயாஸ் குறைவு. ஒரு சேனல் விட்டுவிட்டு வந்து, சத்தம் கூட்டியதும் சரியாகிவிட்டால் ரிலேயின் முனை கறுத்திருக்கிறது. முனையை உப்புத்தாளால் தேய்ப்பவர்களிடம் கொடுக்காதே, மேல் பூச்சு போய்ச் சீக்கிரம் மறுபடி வரும். ரிலே புதுசு மலிவுதான்.

இதே பயணத்தில் அம்கோர்ப் மாலில் ஏறி இறங்கு. அங்கே பழைய ஆடியோ கடைகள் இருப்பதால் விலை தெரியும். ரெசிஸ்டர், ரிலே மாதிரி சின்னச் சாமானுக்குக் கோலாலம்பூர் ஜாலான் பாசார் போதும். பவர் டிரான்சிஸ்டர் மட்டும் அங்கீகாரம் பெற்ற விநியோகஸ்தரிடமே வாங்கு.

ஏற்றும்போது இரண்டு பேர் தூக்குங்கள். நல்ல கனம் இருக்கும். ஹீட்சிங்க் பல்லின் மேல் நிறுத்தாதே, சமமாகப் படுக்க வை. டிரான்ஸ்ஃபார்மர் போல்ட்டைக் காடியில் ஏற்றும் முன்பே இறுக்கிவிடு. குழிச்சாலையில் ஆடினால் போர்டையே கிழிக்கும்.

பகாவில் முதல் தடவை சும்மா செருகிவிடாதே. 100 வாட் பழைய குண்டு பல்பைத் தொடரில் வைத்துக் கொடு. சும்மா இருக்கும்போது கொஞ்சமே கரண்ட் இழுக்கும் கிளாஸ் ஏபி ஆம்பில் பல்ப் ஒரு தரம் மின்னி மங்க வேண்டும். பிரகாசமாகவே நின்றால் உள்ளே ஷார்ட். கிளாஸ் ஏ ஆம்புக்கு இந்தச் சோதனை ஒத்துவராது, அது நல்ல நிலையிலும் பல்பை எரியவைக்கும். பெரிய டோராய்டு (வளைய வடிவ டிரான்ஸ்ஃபார்மர்) ஆன் ஆகும் கணத்தில் பிரேக்கர் விழுந்தால் பதறாதே, சுருஹான்ஜாயா தெனாகாவின் (எரிசக்தி ஆணையத்தின்) தகுதிச் சான்று உள்ள வயர்மேனைக் கூப்பிட்டு, ஒரு கணம் எகிறும் கரண்டைத் தாங்கும் சி வகை பிரேக்கரோடு தனி லைன் போடச் சொல்.

இடி நேரத்தில் ஆம்பின் பிளக்கை மட்டும் பிடுங்கினால் போதாது. இணையப் பெட்டிக்கு வரும் கம்பி வழியாக ஆர்.சி.ஏ. வயர் பிடித்தும் மின்னல் உள்ளே வரும். அதையும் கழற்று. காற்றுத் துளைகளின் மேல் 3 மில்லிமீட்டர் துளையுள்ள துருப்பிடிக்காத வலை போடு. இதமான சூட்டைத் தேடி வரும் பல்லி டிரான்சிஸ்டர் முனைகளுக்கு நடுவில் படுத்துவிட்டால் ஆம்பும் போகும், பல்லியும் போகும்.

இரண்டு ஆம்பின் பின்தகடு, டிரான்ஸ்ஃபார்மர் தாள், டிரான்சிஸ்டர் எண் ஆகியவற்றின் படங்களோடு, நீ அளந்த மில்லிவோல்ட் கணக்கையும் ஆன் செய்த உடனே ஒன்று, அரை மணி கழித்து ஒன்று என்று எழுதி அனுப்பு. அதுவரை முன்பணம் கொடுக்காதே. வீட்டில் எல்லாருக்கும் என் அன்பு.

உன்,
கணேசன்