மூக்கைச் சொறியும் மானும் ஒரு கோரிக்கையும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். கலை பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பெரிய ஓவியங்களும் சிற்பங்களும் நம்மைக் கட்டிப்போடுவதற்கு அவற்றின் புகழ்தான் காரணம், ஊரே மெச்சுவதால் நாமும் வாய்பிளந்து நிற்கிறோம் என்கிறார் கட்டுரையாளர். நன்றாக எழுதியிருக்கிறார். ஆனால் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

புகழுக்கும் பங்கு உண்டுதான். 1911-இல் பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்திலிருந்து மோனாலிசா திருடுபோனபோது, படம் மாட்டியிருந்த வெற்றுச் சுவரைப் பார்க்கவே கூட்டம் வந்தது. சரி, வெர்மீரை என்ன சொல்வது? 1675-இல் இறந்த டச்சு ஓவியர் அவர். அதன்பிறகு ஏறக்குறைய இரண்டு நூற்றாண்டுகள் வெளியுலகம் அவரை மறந்தே போயிருந்தது. இன்று உலகம் முழுக்கத் தெரிந்த, அவர் வரைந்த முத்துத் தோட்டுப் பெண்ணின் ஓவியம் 1881-இல் நெதர்லாந்தின் தி ஹேக் நகரில் ஏலத்துக்கு வந்தபோது மோசமான நிலையில் இருந்தது. அந்நாட்டு நாணயத்தில் வெறும் இரண்டு கில்டர் சொச்சத்துக்குக் கைமாறியது. அந்த நிலையிலும் இதை விடக்கூடாது என்று ஒருவருக்குத் தோன்றியிருக்கிறதே, அது எப்படி? புகழெல்லாம் அப்புறம் வந்ததுதானே!

நான் ஓவிய ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். பிள்ளைகளை மாமல்லபுரத்துக்கு அழைத்துப் போவது ஆண்டுதோறும் என் பொறுப்பாக இருந்தது. அங்குள்ள பெரும் பாறைச் சிற்பத்தை உங்கள் வாசகர்களில் பலர் பார்த்திருப்பார்கள். ஏறக்குறைய 30 மீட்டர் நீளம், நூற்றுக்கும் மேற்பட்ட உருவங்கள், 7-ஆம் நூற்றாண்டுப் பல்லவர் வேலை. அர்ஜுனன் தபசு என்று ஒரு சாரார் சொல்கிறார்கள், பகீரதன் தவம் என்று இன்னொரு சாரார். சண்டை இன்னும் தீரவில்லை. எந்தக் கதை என்றே முடிவாகாத ஒரு பாறை முன்னால், அந்தக் கதை எதுவும் தெரியாத வெளிநாட்டுக்காரர் கூட அசையாமல் நிற்கிறார். கதைக்கு முன்பே அவரை ஏதோ பிடித்து நிறுத்திவிடுகிறது.

பிள்ளைகளோடு போனபோது அது என்னவென்று எனக்குப் பிடிபட்டது. வழிகாட்டி கதை சொல்லிக்கொண்டிருந்தார். எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி மட்டும் பாறையின் கீழ்ப்பக்கமே பார்த்துக்கொண்டு நின்றாள். "டீச்சர், அந்த மானுக்கு மூக்கு அரிக்குது" என்றாள். ஆமாம், அங்கே ஒரு மான் உட்கார்ந்த வாக்கில் பின்னங்காலைத் தூக்கித் தன் மூக்கைச் சொறிந்துகொள்கிறது. தேவர்களும் கந்தர்வர்களும் கூடியிருக்க, சிவன் வரம் தரும் வேளையில் இந்த மானுக்கு அதெல்லாம் பொருட்டே இல்லை. எந்த அரசனும் இப்படி ஒரு மானைச் செதுக்கச் சொல்லி ஆணையிட்டிருக்க மாட்டான். யாரோ ஒரு சிற்பி எங்கோ ஒரு மான் இப்படிச் செய்வதை நின்று பார்த்திருக்கிறார். கால் மடங்கும் இடம், கழுத்து வளையும் அளவு எல்லாவற்றையும் மனதில் வாங்கிக்கொண்டு, உளிக்கு எளிதில் மசியாத பாறையில் இறக்கியிருக்கிறார். அந்தப் பிள்ளை பார்த்தது அதைத்தான்.

யானையின் காலடியில் நிற்கும் குட்டிகளைப் பாருங்கள். கைகளைத் தலைக்கு மேல் தூக்கித் தவம் செய்யும் பூனையையும், அதை நம்பிக் கும்பிட்டுக்கொண்டிருக்கும் எலிகளையும் பாருங்கள். பூனை நிற்கும் விதம், மேலே ஒற்றைக்காலில் நிற்கும் தவசியைப் போலவே இருக்கும். ஒரே பாறையில் மெய்த்தவத்தையும் பொய்த்தவத்தையும் வைத்துவிட்டு, எது எது என்று கண்டுபிடிக்கும் வேலையை நம்மிடம் விட்டுவிட்டார்கள். பாறையின் நடுவில் இயற்கையாகவே விழுந்த பிளவைக் கூடக் கங்கை இறங்கும் வழியாக்கி, அதில் நாகர்களை நீந்தவிட்டிருக்கிறார்கள். இன்னொருவர் கண்ணுக்கு அது வீணாய்ப்போன கல்லாகத்தான் தெரிந்திருக்கும்.

தேவைக்கு மேல் ஒருவர் உற்றுப் பார்த்திருக்கிறார் என்பது எப்படியோ நமக்குத் தெரிந்துவிடுகிறது. பெரிய படைப்பு நம்மை அசைப்பது அதனால்தான் என்பது என் துணிபு. அவருடைய கண்ணை வாங்கிக்கொண்டு சிறிது நேரம் நாமும் உலகத்தைப் பார்க்கிறோம். வெர்மீர் அந்தத் தோட்டை வரைந்ததும் அப்படித்தான். கிட்டப் போனால் இரண்டு மூன்று தூரிகைத் தீற்றல்கள்தான் இருக்கும். மாட்டும் கொக்கியைக் கூட அவர் வரையவில்லை. முத்தின் மேல் வெளிச்சம் விழுவதை அவ்வளவு கவனமாகப் பார்த்த மனிதருக்கு அதற்கு மேல் தேவைப்படவில்லை.

நம் பள்ளிச் சுற்றுலாக்களில் இந்தப் பார்வைக்குத்தான் இடமே இல்லை. கடற்கரைக் கோயில், ஐந்து ரதம், பெரும் பாறை, அப்புறம் சாப்பாடு, பேருந்து. பாறை முன்னால் வரிசையாக நிறுத்தி ஒரு குழுப் படம் எடுத்தால் முடிந்தது. திரும்பி வந்ததும் 'கட்டியது யார், எந்த நூற்றாண்டு' என்று கேள்வி கேட்கிறோம். மானைக் கண்டுபிடித்த பெண்ணுக்கு அந்தத் தாளில் எழுத ஒன்றுமே இருக்காது. இதை நினைத்தால் எனக்கு மனம் ஆறவில்லை. சக ஆசிரியர்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான்: வழிகாட்டி வாய் திறப்பதற்கு முன் பிள்ளைகளை அரை மணி நேரம் சும்மா பார்க்க விடுங்கள். கையில் ஒரு தாளும் பென்சிலும் கொடுங்கள், போதும்.

உங்கள் இதழுக்கும் ஒரு கோரிக்கை. மாதம் ஒரு படைப்பை முழுப் பக்கப் படமாக, ஒரு வரி விளக்கம் கூட இல்லாமல் வெளியிடுங்கள். ஆண்டு, அரசன், கதையெல்லாம் அடுத்த பக்கத்தில் வரட்டும். முதல் மாதத்துக்கு, அதே ஊர்க் கிருஷ்ண மண்டபத்தில் கறவையின்போது தன் கன்றை நக்கிக்கொடுக்கும் பசுவைப் பரிந்துரைக்கிறேன். படத்தை மட்டும் பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுக்கச் சொல்லுங்கள், உளித்தடம் நன்றாகத் தெரியும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஓவிய ஆசிரியை,
செங்கல்பட்டு.