தம்பியின் நெஞ்சுப் படம் குறித்து

மண்டபம்

அன்புள்ள சேதுவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பேரனின் காதுகுத்து விழா நல்லபடியாக நடந்தேறியதில் எங்களுக்கெல்லாம் மகிழ்ச்சி. ஆனால் கடிதத்தின் பின்பாதியில் உன் தம்பியைப் பற்றி நீ எழுதியிருந்த செய்திதான் மனத்தை விட்டு அகலவில்லை. எக்ஸ்ரேயில் இடப்பக்கம் மேலே ஒரு நிழல் தெரிவதாகவும், காசநோயாகத்தான் இருக்கும் என்று மாத்திரை தொடங்கப் போவதாகவும் எழுதியிருந்தாய். உடனே பாம்பனுக்குப் போய் அவனைப் பார்த்தேன். கிழிந்த வலையை மடியில் போட்டுச் சரிசெய்துகொண்டிருந்தான். விரல் நுனிகள் உருண்டு தடித்து, நகங்கள் கிளிமூக்கைப் போல் வளைந்திருந்தன, குரலும் கம்மியிருந்தது. விரல்கள் இப்படி மாறுவதற்கு நாள்பட்ட நுரையீரல் நோய்கள் வேறு பலவும் காரணமாகலாம் என்றாலும், நுரையீரல் புற்றுநோயும் அவற்றுள் ஒன்று. குரல்வளைக்குப் போகும் நரம்பு இடப்பக்கம் நெஞ்சுக்குள் இறங்கி, பெருந்தமனியைச் சுற்றி மேலேறுவதால், அங்கே கட்டி அழுத்தினாலும் குரல் கம்மும். புற்றுநோயாக இருக்குமோ என்ற என் ஐயத்தை அவனிடம் நான் சொல்லவில்லை. உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

என் அக்காவுக்கு நேர்ந்தது உனக்கு முழுமையாகத் தெரியாது. இருமலும் எடைக் குறைவும் கண்ட அவளுக்கு, சளியில் கிருமி இருக்கிறதா என்று பார்க்காமலே, எக்ஸ்ரேயை மட்டும் வைத்துக் காசநோய் மாத்திரை கொடுத்தார்கள். மாதங்கள் கடந்தும் இருமல் குறையவில்லை. மூச்சு வாங்கத் தொடங்கிய பிறகுதான் நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருப்பது தெரிந்தது. முதுகில் ஊசி வைத்து நீரை எடுத்தபோது நான் பக்கத்தில் நின்றேன். குழாயில் வந்தது வெளிறிய மஞ்சள் நீரன்று, ரத்தம் கலந்த செந்நீர். அதைப் பரிசோதித்ததில் அடினோகார்சினோமா என்னும் நுரையீரல் புற்றுநோய் வகை என்று முடிவு வந்தது. வாழ்நாளில் பீடி, சிகரெட்டைத் தொடாதவள், சீமைக் கருவேல விறகுப் புகையில் அத்தனை ஆண்டுகள் சமைத்தவள். புகைபிடிப்பவர்களுக்கு மட்டுமே இந்த நோய் வரும் என்ற எண்ணம் நம் பக்கத்தில் எத்தனை பெண்களின் இருமலைக் கவனிக்காமல் விடச் செய்கிறதோ என்று நினைக்கும்போது எனக்கு நெஞ்சு பதறுகிறது.

ஆகவே முதலில் சளிப் பரிசோதனை. சளியில் காசநோய்க் கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட் என்னும் சோதனை அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவே செய்யப்படுகிறது. கிருமி இருப்பது உறுதியானால் தயங்காமல் மாத்திரையை முழுக் காலமும் சாப்பிடட்டும். கிருமி இல்லை என்று வந்தால், நிழலின் காரணம் தெரியும்வரை விடாதே. சிடி ஸ்கேன் எடுத்து, பயாப்சி செய்யச் சொல். கட்டி மூச்சுக்குழாயை ஒட்டியிருந்தால் மூச்சுக்குழாய்க்குள் மெல்லிய குழல் விட்டுப் பார்க்கும் பிராங்கோஸ்கோப்பி மூலமும், நெஞ்சுச் சுவரை ஒட்டியிருந்தால் ஸ்கேனில் பார்த்துக்கொண்டே ஊசி செலுத்தியும் சதைத் துணுக்கு எடுப்பார்கள். ஊசி பட்டால் நோய் பரவிவிடும் என்று உன் தம்பி மனைவி இப்போதே அஞ்சுகிறாள். அப்படிப் பரவுவது மிக மிக அரிது. பயாப்சி செய்யாமல் காலம் கடத்துவதில்தான் உண்மையான ஆபத்து இருக்கிறது என்பதை நீ அவளிடம் பொறுமையாக எடுத்துச் சொல்ல வேண்டும். நுரையீரலுக்குள் வலியை உணரும் நரம்புகள் இல்லாததால், கட்டி அதன் உறையையோ விலா எலும்பையோ தொடும்வரை வலிப்பதில்லை. எனவே வலி இல்லை என்று அவன் சொல்வதை வைத்து ஆறுதல் அடைந்துவிடாதே.

பயாப்சி முடிவு எந்த வகைப் புற்றுநோய் என்பதையும் சொல்லும். ஏறத்தாழ 85 விழுக்காடு சிறுசெல் அல்லாத வகை. எஞ்சியது சிறுசெல் வகை. பின்னது பெரும்பாலும் புகைபிடித்தவர்களுக்கே வருவது, வேகமாகப் பரவுவது. அதற்குக் கீமோவும், தேவைப்பட்டால் நம் ஊரில் கரண்ட் வைப்பது என்று சொல்லும் கதிர்வீச்சும்தான் முதன்மைச் சிகிச்சை. சிறுசெல் அல்லாத வகையை ஆரம்ப நிலையில் கண்டுபிடித்து, உடலும் தாங்கும் என்றால், நுரையீரலில் கட்டி இருக்கும் பகுதியை, அதாவது அந்த மடலை, அறுவை செய்து அகற்றிக் குணப்படுத்த முடியும். நோய் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று அறியவே பெட் ஸ்கேனும் மூளைக்கு எம்ஆர்ஐயும் எடுக்கச் சொல்வார்கள். வீண் செலவு என்று யாரும் தடுக்க வேண்டாம்.

அக்காவின் நோய் பரவிய நிலையில் இருந்ததால் அறுவைக்கு வழியில்லை. ஆனால் சதைத் துணுக்கில் ஈஜிஎஃப்ஆர் என்னும் மரபணுவில் மாற்றம் இருந்தது. நம் நாட்டில் அடினோகார்சினோமா நோயாளிகளில் ஏறத்தாழ கால் பங்கினருக்கு இது இருக்கிறது. அதனால் கீமோவுக்குப் பதிலாக, அந்த மாற்றத்தைக் குறிவைக்கும் ஜெஃபிடினிப் மாத்திரை நாளுக்கு ஒன்று சாப்பிடுகிறாள். முகத்தில் பருக்களும் நக ஓரங்களில் புண்ணும் வந்தன. ஆனாலும் மூச்சு வாங்குவது குறைந்து, தானே எழுந்து நடமாடுகிறாள். காலப்போக்கில் இந்த மாத்திரைக்கு நோய் கட்டுப்படாமல் போகலாம் என்று மருத்துவர் முன்பே சொல்லியிருக்கிறார். ஓசிமெர்டினிப் போன்ற அடுத்த மருந்துகளும் உண்டு. நோய்க்கு உரிய பெயர் கிடைத்திராவிட்டால் இந்த மாத்திரையும் கிடைத்திருக்காது.

தம்பி பீடியை இன்றே விட வேண்டும். எப்படியும் நோய் வந்துவிட்டது, இனி விட்டு என்ன பயன் என்று கேட்கிறான். நோய் கண்ட பிறகு விட்டாலும் சிகிச்சை நன்றாகப் பலிக்கும், அறுவையின் பின் சிக்கல்களும் குறையும். எவர்ட்ஸ் கிரஹாம் என்னும் அமெரிக்க அறுவை மருத்துவர் 1933-இல் நுரையீரல் புற்றுநோய்க்காக ஒரு பக்க நுரையீரலை முழுவதுமாக அகற்றி ஒருவரைப் பிழைக்க வைத்தார். பல்லாண்டுகள் சிகரெட் பிடித்த அந்த மருத்துவர், அதன் தீங்கை 1950-இல் தாமே ஆராய்ந்து எழுதியும், 1957-இல் அதே நோயால் இறந்தார். அவரிடம் அறுவை செய்துகொண்டவர் அதன் பிறகும் உயிரோடு இருந்தார். இதைத் தம்பியிடம் நான் சொன்னபோது பேசாமல் கேட்டுக்கொண்டான்.

நீயும் நெடுங்காலம் சிகரெட் பிடித்து அண்மையில்தான் விட்டவன். மிகுதியாகப் புகைபிடித்தவர்களுக்கு ஆண்டுதோறும் குறைந்த கதிர்வீச்சு சிடி எடுத்ததில், எக்ஸ்ரே மட்டும் எடுத்தவர்களைவிட இந்த நோயால் இறப்பது 20 விழுக்காடு குறைந்ததாக 2011-இல் அமெரிக்காவில் வெளியான பெரிய ஆய்வு காட்டியது. பழைய காசநோய்த் தழும்புகள் மிகுந்த நம் நாட்டில் அந்தச் சோதனை வீண் ஐயங்களையும் கிளப்பும்; ஆகையால் உன் மருத்துவரைக் கேட்டு முடிவு செய்.

ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சளிப் பரிசோதனையை முடித்துக்கொண்டு, தேவைப்பட்டால் மதுரை ராஜாஜி மருத்துவமனைக்கு அவனை நானே அழைத்துப் போகிறேன். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையைப் புதுப்பித்து வைக்கச் சொல். வீட்டில் அவனுடைய பழைய எக்ஸ்ரே ஏதாவது இருந்தால், எத்தனை ஆண்டுப் பழையதானாலும், அவசியம் தேடி எடுக்கச் சொல்: அதில் இதே நிழல் இதே அளவில் இருந்தால் பழைய தழும்பாக இருக்கவே வாய்ப்பு மிகுதி. எந்த நாள் தோதுப்படும் என்று உடனே எழுது.

அன்புடன்,
ராசு