ரயில் என்று எழுதினால் ஏன் காரணம் கேட்கிறீர்கள்?

நிறுவனங்களில் பயணச் செலவுக்கு ஒப்புதல் தருபவர்களுக்கு,

வணக்கம். வேலை விஷயமாக வெளியூர் போகிறவர்களில் ரயிலில் போகவே விரும்புகிற ஒரு கூட்டம் உண்டு. நானும் அதில் ஒருவன். விமானம் என்று எழுதினால் அன்றைக்கே கையெழுத்து விழுகிறது. ரயில் என்று எழுதினால் மட்டும் ‘ஏன்?’ என்று படிவம் திரும்பி வருகிறது. பதில் எழுத அதில் இரண்டு வரிதான் இடம், அதனால் இந்த மடல்.

முதலில் உங்கள் கணக்கு. ‘பயண நேரம்’ என்ற கட்டத்தில் விமானம் கிளம்பி இறங்குகிற நேரத்தை மட்டும் போடுகிறீர்கள். ஊருக்கு வெளியே இருக்கும் விமான நிலையத்துக்குப் போவது, முன்கூட்டியே போய்க் காத்திருப்பது, பெல்ட்டைக் கழற்றி மாட்டுவது, பெட்டிக்காக நிற்பது, மறுபடி ஊருக்குள் வருவது எல்லாம் யார் கணக்கு? ரயில் நிலையம் பெரும்பாலும் ஊருக்கு நடுவில் இருக்கிறது. வாசலுக்கு வாசல் பார்த்தால், ஐந்நூறு அறுநூறு கிலோமீட்டருக்கு அதிவேக ரயில் சுலபத்தில் தோற்காது. ஸ்பெயினில் மாட்ரிட்டுக்கும் பார்சிலோனாவுக்கும் இடையே ஒரு காலத்தில் பஸ் விடுவது போல விமானம் விட்டார்கள். 2008-இல் அதிவேகப் பாதை முழுதாகத் திறந்து, இரண்டரை மணி நேரத்தில் போகலாம் என்றானதும் கூட்டம் ரயிலுக்கு மாறிவிட்டது. பிரான்ஸ் 2021-இல் சட்டமாகவே கொண்டுவந்து, 2023-இல் நடைமுறைப்படுத்தியது. ரயிலில் இரண்டரை மணி நேரத்துக்குள் போய்விடலாம் என்பதால், பாரிஸின் ஓர்லி விமான நிலையத்திலிருந்து லியோன், நான்ட், போர்தோ ஆகிய ஊர்களுக்கு விமானம் விடுவதைத் தடை செய்தது. கார்பன் வெளியேற்றம் பற்றி உங்கள் ஆண்டறிக்கையே பேசுகிறது, நான் வேறு சொல்ல வேண்டாம்.

சரி, எல்லா ரயிலும் அதிவேக ரயில் இல்லையே என்பீர்கள். உண்மைதான். ஆனால் ரயிலில் நேரம் முழுசாகக் கையில் கிடைக்கிறது. ஏறி உட்கார்ந்தால் இறங்கும் வரை யாரும் எழுப்பி வரிசையில் நிறுத்துவதில்லை. அறிக்கையைப் படிக்கலாம், காலாற நடக்கலாம், தூங்கலாம். விமானத்தில் அந்த நேரமெல்லாம் இருபது நிமிடம், அரை மணி என்று துண்டாகிப் போகிறது. அதோடு, பறக்கும்போது உள்ளே காற்றழுத்தம் கிட்டத்தட்ட 2,400 மீட்டர் மலை மேல் இருக்கும் அளவுக்குக் குறையலாம். காற்றும் வறண்டிருக்கும். காது அடைத்து, தொண்டை காய்ந்து வந்து இறங்குகிறவரைத்தான் நேராகக் கூட்டத்துக்கு அனுப்புகிறீர்கள்.

அப்புறம், சும்மா உட்கார்ந்திருக்கிற சுகம். இதற்கு உங்கள் படிவத்தில் கட்டமே கிடையாது. ஜன்னலோரம் பாருங்கள்: தண்டவாளத்தை ஒட்டிய கம்பங்கள் சரசரவென்று ஓடும், கொஞ்சம் தள்ளி நிற்கும் மரங்கள் நிதானமாக நகரும், தூரத்து மலை கூடவே வரும். எனக்கு உருப்படியான யோசனை வருவது பெரும்பாலும் அந்த மலையைப் பார்க்கும்போதுதான். சத்தத்தையும் சொல்ல வேண்டும். வெயிலில் இரும்பு நீளும் என்பதற்காகத் தண்டவாளங்களுக்கு நடுவே இடைவெளி விடுவார்கள். அதன் மேல் சக்கரம் தட்டுவதால்தான் அந்தத் தடக் தடக். இப்போது பல பாதைகளில் நீளமாகப் பற்றவைத்துவிட்டதால் அது குறைந்துபோனது. ரயில் தடம் மாறும் இடத்தில் மட்டும் சில நொடி கேட்கும். அந்த நேரத்தில் புத்தகத்திலிருந்து தலை தூக்கிப் பார்க்கிறவர்கள் எங்கள் ஆட்கள்.

தினமும் ரயிலில் அலுவலகம் வருகிறவர்கள் உங்களிடமே இருப்பார்கள், கேட்டுப் பாருங்கள். அதே பெட்டி, அதே முகங்கள். பெயர் தெரியாது, ஆனால் ஒருவர் நாலு நாள் வராவிட்டால் கண் தேடும்.

ரயில் தாமதமாகும், கழிப்பறை சில நாள் கைவிடும், மறுக்கவில்லை. கடல் தாண்டவும், ஆபத்து அவசரத்துக்கும் விமானம்தான். எல்லோரையும் ரயிலில் ஏற்றச் சொல்லவில்லை. நேரத்தை வாசலுக்கு வாசல் எழுதுங்கள். காரணம் கேட்பதென்றால் இரண்டு தரப்பையும் கேளுங்கள். இரவு ரயிலில் படுக்கை வசதிக்குத் தயங்காமல் ஒப்புதல் கொடுங்கள், அதில் ஒரு நாள் விடுதி வாடகை உங்களுக்கே மிச்சம்.

இப்படிக்கு,
ரயிலுக்கு விண்ணப்பிக்கும் ஊழியர்களில் ஒருவன்