ஓர் அலைத்தடம் போதுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். பழங்காலக் கடற்கரைகளைப் பாறைகளில் தேடுவது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை விரும்பிப் படித்தேன். ஆனால், மணற்கல்லில் அலைத்தடம் இருப்பதால் அது பழைய கடற்கரை என்ற படக்குறிப்பு உறுத்தியது. கூரிய முகடும் இருபுறமும் ஒரே சரிவும் கொண்ட தடம், நீர் முன்னும் பின்னும் அசைந்ததை மட்டுமே காட்டும். ஆழமற்ற ஏரியில் காற்று எழுப்பும் அலையும் அதே தடத்தைத்தான் விட்டுச்செல்லும்.

கடற்கரையைக் காட்டிக்கொடுப்பது அடுக்குகளின் வரிசை. அடியில் கரிய சேற்றுப்பாறை, அதன்மேல் புயலலைகள் வாரிப்போட்ட, மேடும் பள்ளமுமாக வளைந்த மெல்லிய மணலடுக்குகள், அதற்கும் மேலே சாய்வரிகள் ஓடும் பருமணல், பிறகு கடற்பக்கம் லேசாகச் சரிந்து ஏடுஏடாகக் கிடக்கும் கரைமணல், உச்சியில் வேர்த்தடங்களும் நிலக்கரியும் என ஒரு பாறைமுகம் அமைந்திருந்தால், கரை கடலை நோக்கி வளர்ந்திருக்கிறது என்று துணிந்து சொல்லலாம். அருகருகே இருந்த சூழல்களின் படிவுகளே ஒன்றன்மேல் ஒன்றாக அமைகின்றன என்று ஜெர்மானிய நிலவியலாளர் யோஹன்னஸ் வால்தர் 1894-இல் வகுத்த விதியே இந்த வாசிப்புக்கு அடிப்படை. நடுவே அரிப்பு நேராதிருந்தால்தான் அது செல்லும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். நிலக்கரியை ஒட்டி உடைந்த சிப்பியும் கூழாங்கல்லும் ஒரு சாண் கனத்துக்குக் கிடந்து, அதற்குமேல் சேறு தொடங்கினால், ஏறிவந்த கடல் பழைய நிலத்தின் மேற்பரப்பைச் சீவி எடுத்துவிட்டது என்று பொருள்.

ஓதத்தின், அதாவது கடல்நீர் அன்றாடம் ஏறி இறங்குவதன், சுவடு இன்னும் நுட்பமானது. நீரோட்டம் ஓய்ந்த வேளைகளில் படிந்த சேற்றுப் படலங்கள் மணலடுக்குகளைப் பிரித்துக் காட்டும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி அடுக்குகள் தடித்தும், இடைநாட்களில் மெலிந்தும் இருக்கும். இதிலும் ஏமாறலாம். தெற்கு ஆஸ்திரேலியாவின் எலடினா பாறைகளில் உள்ள இத்தகைய வரிகளைச் சூரியனின் கரும்புள்ளிகள் கூடிக் குறையும் சுழற்சியின் பதிவு என்று முதலில் கருதிய நிலவியலாளர் ஜார்ஜ் வில்லியம்ஸ், 1980-களின் இறுதியில் தாமே அதை மாற்றி, அவை ஓதப் படிவுகள் என்றார். சுமார் 62 கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள் ஏறத்தாழ 22 மணி நேரமே நீடித்தது என்ற கணக்கு அந்தத் திருத்தத்துக்குப் பின் கிடைத்ததுதான்.

எனவே, படத்திலுள்ள மணற்கல்லுக்குக் கீழேயும் மேலேயும் என்ன அடுக்குகள் இருந்தன, அவற்றில் கடல்வாழ் உயிர்களின் சிப்பிகளோ வளைகளோ தென்பட்டனவா என்பதைக் கட்டுரையாளரிடம் கேட்டு அடுத்த இதழில் வெளியிட வேண்டுகிறேன். அதுவரை அந்தப் படக்குறிப்பில் 'கடற்கரை' என்பதை 'ஆழமற்ற நீர்நிலை' என்று திருத்தினால் நன்று.

இப்படிக்கு,
ஒரு வாசகர்