சோக் இப்போது தானாகத் திறக்கிறது: கைகொடுத்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்பிற்குரியவர்களே,

1970ஆம் ஆண்டு செவ்ரோலே காரின் 350 கன அங்குல வி-8 இன்ஜின் இப்போது குளிர்ந்த நிலையிலும் சாவியைத் திருப்பியதும் பற்றிக்கொள்கிறது. கரும்புகை இல்லை, திக்கித் திணறி நின்றுபோவதும் இல்லை. குளிர்ந்த இன்ஜின் பற்றுவதற்காகக் காற்றைக் குறைத்துப் பெட்ரோலைக் கூட்டும் தகடுதான் சோக். இன்ஜின் சூடாகச் சூடாக அது தானாகத் திறக்க வேண்டும். இது உங்களால் நடந்தது. நேரில் பார்த்தபோது ஒவ்வொருவருக்கும் நன்றி சொல்லிவிட்டேன். ஆனாலும் யார் என்ன செய்தீர்கள் என்பது மற்றவர்களுக்கும் தெரிய வேண்டும் என்று தோன்றியதால் பொதுவில் எழுதுகிறேன். பெயர் வேண்டாம் என்று உங்களில் சிலர் கேட்டுக்கொண்டீர்கள். அதனால் யார் பெயரையும் குறிப்பிடவில்லை.

கார் என் கைக்கு வந்தபோது, பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்குத் தரும் கார்புரேட்டரைச் சுற்றி இருந்த ரப்பர் குழாய்களில் பாதி எங்கும் போகவில்லை. சிலவற்றின் வாயில் போல்ட் செருகப்பட்டிருந்தது. ஒரு குழாய் ஏர் கிளீனருக்கு அடியில் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. முன்பு வைத்திருந்தவர்கள் அவ்வப்போது ஏதோ ஓர் அவசரத்துக்குச் செய்த வேலைகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்து, எது கம்பெனி அமைப்பு, எது இடையில் வந்தது என்று பிரித்தறியவே முடியாத நிலை.

மெக்கானிக் ஐயா, முதலில் உங்களுக்குத்தான். தொழிலிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் கூப்பிட்ட குரலுக்கு வந்தீர்கள். வந்ததும் ஸ்பேனரைக் கேட்பீர்கள் என்று நினைத்தேன். காகிதமும் பென்சிலும் கேட்டீர்கள். "தம்பி, எதையும் கழற்றாதே. இருப்பதை இருக்கிறபடியே முதலில் வரை" என்றீர்கள். பிறகு இன்ஜினின் உறிஞ்சு விசையை அளக்கும் வேக்குவம் கேஜை எடுத்து, குழாய் மாட்டும் சிறு முனையான ஒவ்வொரு நிப்பிளாக மாட்டி, ஐட்லிங்கில் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் இன்ஜின் ஓடும் நிலையில்) ஒரு முறை, ஆக்ஸிலரேட்டரால் இயங்கும் த்ராட்டிலைச் சற்றே திறந்து இன்னொரு முறை என்று பார்க்கச் சொன்னீர்கள். த்ராட்டில் தகட்டுக்குக் கீழே திறக்கும் நிப்பிள் ஐட்லிங்கிலேயே பலமாக இழுக்கும். தகட்டுக்குச் சற்று மேலே திறக்கும் நிப்பிள் ஐட்லிங்கில் அடங்கிக் கிடக்கும். த்ராட்டில் லேசாகத் திறந்ததும் இழுக்கத் தொடங்கும். "ஒவ்வொரு நிப்பிளும் எப்போது இழுக்கிறது என்று பார். குழாய் போகவேண்டிய இடம் அதிலேயே தெரிந்துவிடும்" என்று நீங்கள் சொன்னது அந்த வரைபடத்தின் தலைப்பிலேயே எழுதப்பட்டிருக்கிறது.

அப்படிப் பார்த்ததில்தான் எல்லாம் வெளிவந்தது. தீப்பொறி எழும் நேரத்தை வேக்குவத்தால் முன்னே நகர்த்தும் டிஸ்ட்ரிபியூட்டரின் வேக்குவம் அட்வான்ஸ், தகட்டுக்கு மேலே திறக்கும் நிப்பிளுக்குப் பதிலாக எப்போதும் இழுக்கும் நிப்பிளில் மாட்டப்பட்டிருந்தது. சோக் தகட்டை இன்ஜின் பற்றியதும் சற்றே இழுத்துத் திறக்க வேண்டிய டயாஃப்ரத்தின் (வேக்குவத்தால் அசையும் சவ்வின்) குழாயிலோ போல்ட். காலையில் இன்ஜின் பற்றியதும் பெட்ரோல் மிகுந்து கரும்புகை கக்கி நின்றுபோனதற்கு வேறு காரணம் தேட வேண்டியிருக்கவில்லை. பற்றிய அந்தச் சில நொடிகளில் தகடு கொஞ்சமாவது விலகிக் காற்றை விட வேண்டும். இங்கே அது இறுக மூடியே இருந்தது.

கசிவைக் கண்டுபிடிக்க நீங்கள் கையாண்ட முறையையும் சொல்லியாக வேண்டும். சூடான இன்ஜின்மேல் பெட்ரோலையோ எளிதில் தீப்பற்றும் ஸ்பிரேயையோ அடித்துப் பார்ப்பதற்கு நீங்கள் இடமே தரவில்லை. ஒரு முழ ரப்பர் குழாயின் ஒரு நுனியைக் காதில் வைத்து, மறு நுனியை இணைப்புக்கு இணைப்பு நகர்த்தி, மருத்துவர் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்பதுபோலக் கேட்டீர்கள். என் காதிலும் வைத்தீர்கள். இறுகி வெடித்திருந்த ஒரு டி-இணைப்பின் அருகே வந்ததும் அந்தச் 'ஸ்ஸ்' ஒலி சட்டென்று உயர்ந்தது. கார்புரேட்டரின் அடி கேஸ்கெட்டின் பின்மூலையிலும் அதே ஒலி. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் வேக்குவத்தைக் கொண்டு கியர் மாற்றத்தைச் சரிசெய்யும் மாடுலேட்டருக்குப் போகும் குழாயையும் கழற்றி, உள்ளே சிவப்பு எண்ணெய் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னீர்கள். மாடுலேட்டரின் டயாஃப்ரம் கிழிந்தால் கியர்பாக்ஸ் எண்ணெய் அந்த வழியே இன்ஜினுக்குள் போய் எரியும் என்பதை அன்றுதான் அறிந்தேன். நல்லவேளையாகக் குழாய் உலர்ந்திருந்தது.

என் அக்கா மகளுக்கு அடுத்த நன்றி. டார்ச்சையும் சிறிய கண்ணாடியையும் பிடித்துக்கொண்டு, கார்புரேட்டரின் இடப்புறப் பின்பகுதியில் செங்குத்தாகப் பொறித்திருந்த எண்ணை அழுக்கைத் துடைத்துத் துடைத்துப் படித்தாள். எட்டு இலக்கங்கள், 170-இல் தொடங்கியது. இந்த ரோச்செஸ்டர் குவாட்ராஜெட் வகைக் கார்புரேட்டரில் 1970ஆம் ஆண்டுக்கான எண் ஏழு இலக்கம்தான். 7040 என்று தொடங்கும். ஆக, இன்ஜின்மேல் உட்கார்ந்திருந்தது எழுபதுகளின் பிற்பகுதியைச் சேர்ந்த வேறொரு கார்புரேட்டர். அதன் சோக் சுருள், அதாவது சூட்டுக்கு ஏற்ப அசைந்து சோக்கைத் திறக்கும் உலோகச் சுருள், கார்புரேட்டரின் பக்கவாட்டுப் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. அதற்குச் சூடான காற்று ஒரு குழாய் வழியே வர வேண்டும். கார்புரேட்டரின் அடியில் இருக்கும் இந்த இன்ஜினின் மானிஃபோல்டிலோ அதற்கான ஏற்பாடே இல்லை. இங்கே சுருள் மானிஃபோல்டில் உள்ள ஒரு குழிக்குள் இருக்கும். அங்கிருந்து ஒரு மெல்லிய கம்பி மேலே எழுந்து சோக் நெம்புகோலைத் தள்ளும். அந்தக் குழியைச் சுரண்டிப் பார்த்தபோது, துருப்பிடித்த சுருள் இன்னும் உள்ளே இருந்தது. கம்பிதான் இல்லை. குழந்தாய், நீ அந்த எண்ணைப் படிக்காமல் விட்டிருந்தால் பொருந்தவே முடியாத இரண்டைப் பொருத்த இன்னும் முயன்றுகொண்டிருப்போம்.

சுருளை மின்சாரத்தால் சூடாக்கும் மின் சோக் பொருத்திவிடலாம் என்று சொன்னவர்களுக்கும் நன்றி. அது தவறான யோசனை அல்ல. பலர் அப்படித்தான் செய்கிறார்கள், நன்றாகவே ஓடுகிறது. ஆனால் எனக்கு இந்த இன்ஜின் பிறந்தபடியே இருக்க வேண்டும் என்ற ஆசை. அதைப் புரிந்துகொண்டு, பல ஆண்டுகளாகத் துணியில் சுற்றி வைத்திருந்த 7040 கார்புரேட்டரை எடுத்துக் கொடுத்த பெரியவரே, அதற்கு நீங்கள் விலை பேசவே மறுத்துவிட்டீர்கள். சோக் தகட்டின் சுழல்தண்டில் துளி ஆட்டமில்லை. இப்படி ஒன்றை எவ்வளவு பொறுப்பாகப் பாதுகாத்திருக்கிறீர்கள்!

தன் கணவர் பயன்படுத்திய சர்வீஸ் மேனுவலை நம்பி என்னிடம் கொடுத்தனுப்பிய அம்மாவுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. சோக் சரிசெய்யும் பக்கத்தின் ஓரத்தில் அவர் பென்சிலால் எழுதியிருந்த குறிப்புகள், அச்சில் இருந்ததைவிட எனக்கு அதிகம் பயன்பட்டன. டயாஃப்ரம் இழுத்த நிலையில் சோக் தகட்டின் விளிம்புக்கும் சுவருக்கும் இடையே எந்த அளவு டிரில் பிட் தடையின்றி நுழைய வேண்டும், சுருள் கம்பியை எந்த இடத்தில் வளைத்தால் முறியாது என்பதெல்லாம் அதில் இருந்தன. இத்தனை நுணுக்கமாக எழுதி வைத்த ஒருவரோடு ஒரு நாள் பேச வாய்த்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று பலமுறை நினைத்துக்கொண்டேன்.

அதே ஆண்டைச் சேர்ந்த, யாரும் கைவைக்காத தன் காரின் ஏர் கிளீனரைக் கழற்றி எல்லாப் பக்கமும் படமெடுத்து அனுப்பிய நண்பருக்கும் நன்றி. கார்புரேட்டருக்குப் பின்னால், இன்ஜினையும் பயணிகள் பகுதியையும் பிரிக்கும் ஃபயர்வால் பக்கம் எடுத்த அந்தப் படம் இல்லையென்றால் மாடுலேட்டரின் இரும்புக் குழாய் எந்த வழியாக இறங்குகிறது என்பது தெரிந்திருக்காது.

இப்போது ஐட்லிங்கில் வேக்குவம் கேஜின் முள் 18 அங்குலத்தில் (பாதரச அளவில்) ஆடாமல் நிற்கிறது. முன்பு 14-ஐத் தாண்டியதில்லை. அட்வான்ஸ் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு, தீப்பொறி எழும் நேரமான டைமிங்கைப் புதிதாக வைத்தோம். வரைபடத்தைச் சுத்தமாக மறுபடி வரைந்து ஒரு பிரதியை அம்மாவின் மேனுவலுக்குள் வைத்துத் திருப்பிக் கொடுத்திருக்கிறேன். இதே இன்ஜின் வைத்திருப்பவர் யார் கேட்டாலும் பிரதி தருகிறேன்.

ஒன்றே ஒன்று பாக்கி. உயர் கியருக்குப் போகும்வரை அட்வான்ஸுக்கு வேக்குவம் போகாமல் தடுக்கும் சோலினாய்டு (மின்சாரத்தால் இயங்கும் வால்வு) இந்தக் காரில் இல்லை. இப்போதைக்குக் குழாயை, த்ராட்டிலுக்கு மேலே திறக்கும் நிப்பிளிலிருந்து நேராக டிஸ்ட்ரிபியூட்டருக்கு விட்டிருக்கிறேன். பழைய சோலினாய்டு யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.

நன்றியுடனும் வணக்கத்துடனும்,
உங்கள் அன்பன்